புதுப்பிப்பு: கொம்பு எழுத்தில் வரும் குழப்பம்

ஒன்றாம் வகுப்பில் 'கெ' எழுதச் சொன்னால் சில குழந்தைகள் ககரத்துக்குப் பின்னால் கொம்பு ('ெ' என்ற குறி) போடுகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அது கவனக்குறைவே இல்லை. காதில் முதலில் விழுவது 'க்', அப்புறம்தான் 'எ'. எழுதும் கை காது கேட்ட வரிசையில் போகிறது. கொம்போ முன்னால் நிற்கிறது.

கா, கி, கு நன்றாகப் படிந்த பிறகே கொம்பைத் தொடுங்கள். எழுத்து கறுப்பிலும் கொம்பு சிவப்பிலும் தனித்தனி அட்டை. குழந்தையே கொம்பை இடப்பக்கம் வைத்து வாசிக்கட்டும். 'கெ' படியும்வரை 'கே' வேண்டாம், குறில் நெடில் கலந்துவிடும். இருபக்கமும் குறி வரும் 'கொ', 'கோ' அதற்கும் பிறகு. 'கௌ' கடைசி: அதன் பின்குறி 'ள' போலவே இருப்பதால் 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத்தான் வாசிப்பார்கள் (அச்சில் பெரியவர்களே தடுமாறுகிறோம்). சிவப்பு மையால் அடிக்காமல் "கொம்பு எங்கே நிற்கணும்?" என்று கேட்டால் பெரும்பாலும் தானே மாற்றி எழுதிவிடுவார்கள்.