அப்டேட்: டபிள்யூஆர்எக்ஸ் இன்டர்கூலர் ஸ்ப்ரே, ஒருவழியா வேலை செய்யுது

போன மாசம் போட்டிருந்தேன்ல, கண்ணாடி கழுவுற வாஷர் மோட்டாரையும் அதோட நாசிலையும் வச்சு என் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் காருக்கு இன்டர்கூலர் (டர்போல இருந்து வர சூடான காத்தை இன்ஜினுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஆற வைக்கிற ரேடியேட்டர்) மேல தண்ணி அடிக்கிற ஸ்ப்ரே பண்ணப் போறேன்னு, அது சொதப்பல். தண்ணி பெரிய பெரிய துளியா விழுந்து பாதி அப்படியே வழிஞ்சு கீழ இன்ஜின் மேல போயிடுச்சு, டெம்பரேச்சர் பெருசா இறங்கல.

அப்புறம்தான் மண்டைல ஏறுச்சு. ஒரு லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல்தான் போகும், அதே தண்ணி முழுசா ஆவியானா கிட்டத்தட்ட 2,260 கிலோஜூல் சூட்டை இழுத்துக்கும், அதனால நனைக்கிறது முக்கியமில்ல, ஆவியாகணும்.

இப்போ 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், தோட்டத்துக்குப் போடுற மிஸ்ட் நாசில் ரெண்டு, நடுவுல ஒரு ஃபில்டர் (இல்லன்னா அடைச்சுக்கும்), ரிலே, ஃபியூஸ், டிக்கில 4 லிட்டர் டேங்க். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான், குழாய்த் தண்ணி ஊத்துனா ஃபின்ல உப்புப் படியும்.

சிக்னல்ல நின்னு கிளம்பும்போது இன்டேக் டெம்பரேச்சர் (இன்ஜினுக்குள்ள போற காத்தோட சூடு) 62 டிகிரி காட்டுச்சு, வண்டி ஓட ஆரம்பிச்சதும் மூணு செகண்ட் அடிச்சேன், சீக்கிரமே 50க்குக் கீழ வந்துடுச்சு. காத்து அடிச்சதாலயும் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஒத்துக்கறேன். பவர் கூடுச்சான்னு கேக்காதீங்க, டைனோல (பவர் அளக்குற மெஷின்) ஏத்தல.

பூஸ்ட் ஸ்விட்ச் (டர்போ அழுத்தம் ஏறுனா தானா ஆன் ஆகுறது) வேணாம்னு சாதா பட்டன்தான் வச்சிருக்கேன், இல்லன்னா ஒவ்வொரு ஓவர்டேக்குக்கும் டேங்க் காலி.