சாஹா ஏன் 40 டெஸ்டோடு நின்றுவிட்டார்?

கேள்வி:
இந்திய விக்கெட் கீப்பர் ரித்திமான் சாஹா 2025 தொடக்கத்தில் கொல்கத்தா ஈடன் கார்டனில் ரஞ்சி கோப்பை ஆட்டம் ஆடி விடைபெற்றார். கீப்பிங்கில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்கிறார்கள். அப்புறம் ஏன் வெறும் 40 டெஸ்ட்? பேட்டிங் போதவில்லையா?

பழைய கீப்பர்:
வயதும் நேரமும்தான் கெடுத்தன. 2010இல் நாக்பூரில் அறிமுகமானதே கீப்பராக இல்லை. டாஸுக்கு முன் ரோஹித் சர்மாவின் கணுக்கால் பிசகியதால் பேட்ஸ்மேனாக இறக்கிவிட்டார்கள். முதல் இன்னிங்ஸில் முட்டை. அப்போது கீப்பர் தோனி; அவருக்குத் தடையோ காயமோ வந்தால்தான் அடுத்த வாய்ப்பு. 2014 கடைசியில் தோனி டெஸ்டை விட்டபோது சாஹாவுக்கு 30 தாண்டிவிட்டது.

நான் மாவட்ட லீக்கில் கிளவுஸ் மாட்டியவன். சுழல் வீச்சாளர் அஸ்வின் போடும்போது பந்தை விட்டுவிட்டு சாஹாவின் முழங்காலைத்தான் பார்ப்பேன். பந்து தரையில் பட்டு எழும்வரை அவர் எழமாட்டார். நாங்களெல்லாம் முன்கூட்டியே எழுந்து, தாழ்ந்து வரும் பந்தை கிளவுஸுக்கு அடியில் விட்டுவிடுவோம். 2019 புனே டெஸ்டில் வேகப்பந்து வீச்சாளர் உமேஷ் லெக் பக்கம் போட்ட பந்துக்கு இடப்பக்கம் பாய்ந்து தென்னாப்பிரிக்காவின் டி புருயினைப் பிடித்தாரே, பேட்ஸ்மேன் உடம்பு மறைக்கும் பந்து அது. சும்மா இல்லை.

புள்ளிவிவரப் பைத்தியம்:
எல்லாம் சரி அண்ணா, சராசரி 30க்குக் கீழே. இளம் கீப்பர் ரிஷப் பந்த் வந்ததும் ஓவலில் 114, சிட்னியில் 159 ரன். எந்தத் தேர்வாளர்தான் யோசிப்பார்?

பழைய கீப்பர்:
தம்பி, பந்த்துக்குக் கதவு திறந்தது எப்படி? 2018 கேப்டவுனில் சாஹா ஒரே டெஸ்டில் 10 கேட்ச் பிடித்தார், எந்த இந்திய கீப்பரும் அதற்குமுன் செய்யாதது. அடுத்த டெஸ்டுக்குள் தொடைத்தசைக் காயம், அப்புறம் தோள்பட்டை அறுவை சிகிச்சை. சராசரி என்கிறீர்கள், 2016இல் ஈடனில் நியூசிலாந்துக்கு எதிராக, பந்து ஏறியும் இறங்கியும் வந்த ஆடுகளத்தில் 54, 58, இரண்டுமே நாட் அவுட். ஆட்ட நாயகனும் அவர்தான்.

கேள்வி கேட்டவர்:
2017 இரானி கோப்பையில் இதர இந்திய அணிக்காக 203 அடித்தது இவர்தானே? எதிரணி குஜராத், அதன் கேப்டனும் கீப்பரும் பார்த்திவ் படேல்.

பழைய கீப்பர்:
ஆமாம். இருவருக்கும் டெஸ்ட் இடத்துக்கான போட்டி அப்போது. 379 துரத்தும்போது புஜாராவுடன் நின்று கடைசிவரை அவுட்டே ஆகாமல் முடித்தார். பார்த்திவ் ஸ்டம்புக்குப் பின்னால் நின்று அத்தனை ரன்னையும் பார்க்க வேண்டியிருந்தது, பாவம்.

புள்ளிவிவரப் பைத்தியம்:
அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வெளிநாட்டு டெஸ்ட் என்றால் பந்த்தைத்தான் எடுப்பேன்.

பழைய கீப்பர்:
எடுங்கள், நான் தடுக்கவில்லை. சுழலும் ஆடுகளமென்றால் மட்டும் என் ஓட்டு சாஹாவுக்கு. 2019இல் இந்தியாவில் நடந்த தொடருக்கு அப்போதைய கேப்டன் கோலியும் அதைத்தான் செய்தார்.