மறு: கருவாலி வேரழுகல் – ஒரே சொல் போதுமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்,

கருவாலி (ஓக்) மரத்தின் வேர்நோய்களுக்குத் தமிழ்ச்சொல் வைக்கும் நம் பேச்சில் வந்த கேள்விகளை மேற்கோளாக எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

> வேரழுகல் என்பது ஏற்கெனவே உழவர் வாயில் இருக்கிற சொல். நிலக்கடலைக்கும் பருத்திக்கும் அப்படித்தான் சொல்கிறோம். கருவாலிக்கும் அதையே போட்டுவிட்டுப் போகலாமே?

பொதுச்சொல்லாக வேரழுகல் இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கருவாலியின் வேரைக் கெடுப்பவை குறைந்தது மூன்று வெவ்வேறு உயிர்கள். தாக்கும் இடம் வேறு, தாக்கும் வேகம் வேறு, நாம் செய்ய வேண்டியதும் வேறு. மூன்றுக்கும் ஒரே பெயரை ஒட்டினால், கையேட்டை மொழிபெயர்ப்பவர் ஒன்றுக்குச் சொன்ன மருந்தை இன்னொன்றுக்கு எழுதிவிடுவார்.

முதலில் பெரிய வில்லன், பைட்டோப்தோரா சின்னமோமி என்னும் நுண்ணுயிர். ஸ்பெயினின் தென்மேற்கிலும் போர்ச்சுகலின் அலெந்தெஜோ பகுதியிலும் மேய்ச்சல் நிலமும் மரமும் கலந்த பெரும் தோப்புகள் உண்டு. பன்றிகள் கருவாலிக் கொட்டை பொறுக்கித் தின்பது அங்கேதான். 9 ஆண்டுக்கு ஒருமுறை மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் உரித்து பாட்டில் கார்க் செய்வதும் அங்கேதான். கார்க் கருவாலி, ஹோம் கருவாலி என்ற அந்த இரண்டு பசுமைமாறா இனங்களும் கூட்டம் கூட்டமாகக் காய்கின்றன. ஊர்க்காரர்கள் ‘லா சேகா’, அதாவது ‘காய்ச்சல்’ என்கிறார்கள் (நம்மூர்க் காய்ச்சல் இல்லை, காய்ந்துபோவது). வறட்சியும் பூச்சியும் அதில் பங்காளிகள்தாம். ஆனால் வேரடி மண்ணில் பைட்டோப்தோரா சின்னமோமி இருப்பது 1990களின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டப்பட்டுவிட்டது. 1922இல் சுமத்ராவின் இலவங்கப்பட்டை (சின்னமன்) மரத்திலிருந்து விவரிக்கப்பட்டது என்பதால் அந்தப் பெயர்.

இது பெருவேரை அழுக வைப்பதில்லை. நீரும் உணவும் உறிஞ்சும் மெல்லிய வேர்களைத்தான் தின்கிறது. அப்படிப்பட்ட வேர் ஒன்றைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். மேலே மரம் நிமிர்ந்தே நிற்கும். உச்சி இலை அடர்த்தி குறையும், ஒரு கோடையில் மொத்தமும் பழுப்பாகும். அதனால் என் முன்மொழிவு சல்லிவேர் அழுகல். சல்லிவேர் என்ற சொல் உழவர்களிடம் இருக்கிறது, விளக்கம் தேவையில்லை.

> பைட்டோப்தோராவை நீர்ப்பூஞ்சை என்று சொல்லலாம். எளிமை.

எளிமைதான், ஆனால் அது பூஞ்சையே இல்லை. செல்சுவரில் பூஞ்சைகளுக்குரிய கைட்டின் இல்லை, செல்லுலோஸ் இருக்கிறது. உறவுமுறையில் பழுப்புப் பாசிகளுக்குப் பக்கம். பூஞ்சையின் செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப்பொருளின் உற்பத்தியைத் தடுத்துக் கொல்லும் மருந்துகள் இதனிடம் பலிக்காததற்குக் காரணம், இது அதைத் தயாரிப்பதே இல்லை. பெயரிலேயே பூஞ்சை என்று எழுதிவிட்டு அடிக்குறிப்பில் மறுப்பது வீண் வேலை. பூஞ்சைப்போலி என்று வைக்கலாம். இலங்கை நண்பர்கள் பூஞ்சையைப் பங்கசு என்றே எழுதுவதால் அவர்களுக்குப் பங்கசுப்போலி, இரண்டையும் பதிவிடுவோம். நீலகிரி உருளைக்கிழங்கின் பின்கருகலும் மிளகுக்கொடியின் வாடலும் இதே பேரினத்தின் வேலை என்பதால் இந்தச் சொல் கருவாலியோடு நிற்காது.

இரண்டாவது ஆர்மிலேரியா, அதாவது தேன்காளான். இது அசல் பூஞ்சை, மரத்தையே தின்னும். வேரடியில் பட்டையை நெம்பினால் வெள்ளைத் தோல்போல ஒரு படலம் விரிந்திருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் காளான் வாசம். மண்ணுக்குள் கறுப்புச் சரடுகள் விட்டு அடுத்த மரத்துக்குப் போகும். கலிபோர்னியாவில் வறண்ட கோடைக்குப் பழகிய உள்நாட்டுக் கருவாலிகளின் கீழே புல்தரை போட்டுக் கோடை முழுக்கத் தண்ணீர் விடுகிறார்கள். இதற்கு அதுவே விருந்து. தேன்காளான் வேரழுகல் என்பேன். சரடுக்குப் பூஞ்சைச்சரடு. ‘வேருரு இழை’ என்று ஒரு பழைய பட்டியலில் பார்த்தேன், சொல்லிப் பார்த்தால் நாக்கு மடங்குகிறது.

மூன்றாவது பிரான்சுக் காடுகளில் அதிகம்: ஜிம்னோபஸ் பியூசிபஸ் என்னும் காளான். ஆங்கிலக் கருவாலியும் செங்கருவாலியும் எளிதில் மாட்டும், காம்பில்லாக் கொட்டைக் கருவாலி ஓரளவு தாக்குப்பிடிக்கும். பல பத்தாண்டுகள் மெதுவாக அரிக்கும். காளானின் காம்பு நடுவில் பருத்து, முறுக்கிக்கொண்டு, இழுத்தாலும் அறுகாது. நூற்புக்கதிர் வடிவம் என்று ‘கதிர்க்காம்பு’ முன்வைத்தார்கள்; நெற்கதிரா, ஒளிக்கதிரா என்று குழம்பும். முறுக்குக்காம்பு வேரழுகல் போதும்.

> ‘திடீர்ச் சாவு’ நோயையும் இதே தொகுப்பில் சேர்த்துவிடலாமா?

வேண்டாம். கலிபோர்னியாவின் அந்த நோய்க்கும் காரணம் ஒரு பைட்டோப்தோராதான், ஆனால் ரமோரம் என்னும் வேறு இனம்; அடிமரப் பட்டையில் புண் வைக்கும், வேர் நோய் அல்ல.

அப்புறம் மரத்தின் பெயர். ஓக் என்றே எழுதலாம் என்று இருவர் சொன்னார்கள். ஏற்காட்டிலும் நீலகிரியிலும் ஓக் என்றால் காப்பி, தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்தான் நினைவுக்கு வரும். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, ஓக் குடும்பமே அல்ல. தமிழ் விவிலியம் கர்வாலி என்கிறது, இணையத்தில் கருவாலி பரவிவிட்டது. கருவாலியை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுச்சொல்லாகக் குறிப்போம்.

ஒன்று மட்டும் எனக்கு முடிவாகவில்லை. சின்னமோமி தடித்த சுவருள்ள வித்துகளாக (ஸ்போர்) மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். செருப்பு, சக்கரம், குளம்பு எதில் ஒட்டினாலும் பயணம் போகும். இந்த வித்துக்கு ‘உறங்குவித்து’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல். ஆனால் இதே உயிருக்குக் கலவியில் உண்டாகும் வேறொரு வித்தும் உறங்கக்கூடியதே. அதனால் ‘தடிச்சுவர் வித்து’ பக்கம் சாய்கிறேன். பயிர்நோயியல் கற்பிப்பவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், வகுப்பில் எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.