வேலூர் வெயிலில் முதல் வாட்டர் கூலிங்: 240 ரேடியேட்டர் போதுமா?

காட்பாடி கேமர்:

வணக்கம். முதல்முறையா கஸ்டம் லூப் (பாகம் பாகமா வாங்கி நாமே சேர்க்கிற வாட்டர் கூலிங்) போடப் போறேன். காசு கொடுக்கறதுக்கு முன்னாடி பட்டியலை ஒருதடவை பார்த்துச் சொல்லுங்க.

இருக்கிறது: ரைசன் 7 7800எக்ஸ்3டி சிபியு, ஆர்டிஎக்ஸ் 4080 சூப்பர் ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு), லியான் லி ஓ11 டைனமிக் ஈவோ கேஸ், 850 வாட் பவர் சப்ளை. ரூம்ல ஏசி இருக்கு, பகல்ல போடறதில்ல. மே மாசம் மதியம் ரூம் 36 டிகிரி. கேம் ஓடும்போது சிபியு 80, ஜிபியு 78. ஃபேன் சத்தம்தான் பெரிய தொல்லை.

வாங்க நினைச்சது: 240 ஸ்லிம் ரேடியேட்டர் ஒண்ணு (அலுமினியம், விலை கம்மி), டி5 பம்பும் ரிசர்வாயரும் (தண்ணித் தொட்டி) சேர்ந்தது, சிபியு பிளாக், ஜிபியு பிளாக் (சில்லு மேல உக்கார்ந்து சூட்டைத் தண்ணிக்கு மாத்தற உலோகத் துண்டு), பிஇடிஜி ஹார்டு டியூப் (வளையாத பிளாஸ்டிக் குழாய்), வெள்ளை நிற பேஸ்டல் கூலன்ட் கான்சன்ட்ரேட் (தண்ணில கலக்கற திரவம்). கலக்க வீட்டு ஆர்ஓ தண்ணி.

ரேடியேட்டர் போதுமா? தண்ணி முதல்ல சிபியுவுக்குப் போகணுமா, ஜிபியுவுக்கா? ஐஸ் கட்டி போட்டா கொஞ்ச நேரத்துக்காவது உதவுமா?

பாலாறு:

போதாது. கணக்கைப் பாருங்க.

4080 சூப்பர் முழு லோடில் 320 வாட். 7800எக்ஸ்3டி கேமில் 60-80 வாட். பம்ப் ஒரு 15. மொத்தம் சுமார் 415 வாட் வெப்பம் தண்ணிக்குள்ள வருது. ஃபேன் மிதமான வேகத்தில் சுத்தும்போது, ஒரு 120 மி.மீ. ரேடியேட்டர் பரப்பு ஏறக்குறைய 100 வாட்டைத் தள்ளும். அப்ப தண்ணி ரூமைவிட 10 டிகிரி கூட நிற்கும். இது தோராயமான கணக்குதான், ஆனா திட்டம் போட இது போதும்.

240-ன்னா இரண்டே 120. ஒவ்வொண்ணுக்கும் 200 வாட்டுக்கு மேல. தண்ணி ரூமைவிட 20 டிகிரி ஏறும். 36 கூட 20, ஆக 56. டி5 பம்புக்கு வரம்பே 60. பிஇடிஜி டியூப் விக்கிறவங்களும் 60-க்கு மேல விடாதேன்னுதான் சொல்வாங்க, சூட்டுல இளகி ஃபிட்டிங்கை (டியூபைப் பிடிக்கிற இணைப்பு) விட்டு நழுவும். இதே 240-ஐ 22 டிகிரி ரூம்ல வச்சா தண்ணி 42-ல நிற்கும், ஒண்ணும் ஆகாது. வெளிநாட்டு வீடியோவுல அதனாலதான் சரியா ஓடுது. நம்ம ஊர் வெயிலூர்.

உங்க கேஸ்ல மேலே, கீழே, பக்கத்துல மூணு இடத்துலயும் 360 போகும். இரண்டு 360 போடுங்க, 30 மி.மீ. தடிமன் போதும். ஆறு 120-க்குப் பங்கு போட்டா ஒவ்வொண்ணுக்கும் 70 வாட். ரூமைவிட 7-10 டிகிரி கூட, அதாவது மே மதியத்துல தண்ணி 45 பக்கம்.

ஒண்ணு மறக்காதீங்க. வாட்டர் கூலிங் வெப்பத்தை அழிக்காது, இடம் மாத்தும், அவ்வளவுதான். பவர் சப்ளை இழப்பு, மானிட்டர் எல்லாம் சேர்த்து அதே 500-600 வாட் உங்க ரூம்லதான் கொட்டும்.

அகழி:

தண்ணி இல்லாத ஆறுக்குப் பேர் போன ஊர்ல வாட்டர் கூலிங்கா, வாழ்க. மூணு விஷயம் மாத்துங்க தம்பி.

அலுமினிய ரேடியேட்டர் வேண்டவே வேண்டாம். பிளாக் ரெண்டும் செம்பு அல்லது நிக்கல் பூசின செம்பு. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணில இருந்தா அது பேட்டரி மாதிரி. அலுமினியம் கரைஞ்சுக்கிட்டே வரும், கரைஞ்சது பிளாக் உள்ள சேறா அடைக்கும். கூலன்ட்ல இருக்கிற அரிப்புத் தடுப்பான் தள்ளிப்போடும், நிறுத்தாது. பெட்டியில "காப்பர்" அல்லது "பிராஸ்"னு தெளிவா எழுதியிருக்கணும். எழுதாத மலிவு ரேடியேட்டரை அலுமினியம்னே எடுத்துக்கங்க.

ஆர்ஓ தண்ணியும் வேண்டாம். நம்ம பக்கத்து போர் தண்ணி குடத்துல வெள்ளையா படியறது தெரியும்ல? ஆர்ஓ அதைக் குறைக்குது, ஆனா குடிக்க ருசி வேணும்னு கொஞ்சம் உப்பை விட்டுவைக்கும். மினரல் வாட்டர் பாட்டிலும் அதே கதை. பெட்ரோல் பங்க்ல கிடைக்கிற பேட்டரி தண்ணி கம்பெனிக்குக் கம்பெனி தரம் மாறும். லேப் கெமிக்கல் விக்கிற கடையில டிஸ்டில்டு வாட்டர்னு கேட்டு 5 லிட்டர் கேன் வாங்கிக்கங்க. ரேடியேட்டர் கழுவவே பாதி போயிடும்.

பேஸ்டல் அழகு, சரி. ஆனா அந்த வெள்ளை நிறமே தண்ணில மிதக்கிற துகள். சிபியு பிளாக் உள்ள துடுப்புகளுக்கு நடுவுல இடைவெளி ரொம்பக் குறுகலாத்தான் இருக்கும், துகள் போய் அங்கதான் உக்காரும். முதல் லூப்புக்கு நிறமில்லாத ரெடிமேட் கூலன்ட் 2 லிட்டர். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல உள்ள போகும், மீதி டாப்-அப்புக்கு.

ஐஸ் போட்டா வெளிப்பக்கம் வேர்த்து மதர்போர்டு மேல சொட்டும். அடுத்து மண்பானை ஐடியா வரும்னு தெரியும். பானை குளிர்றதே தண்ணி ஆவியாறதால. ஆவியாகப் போக உப்பும் தூசியும் தங்கும், திறந்த தண்ணில பாசி பிடிக்கும். லூப் மூடியேதான் இருக்கணும்.

சேண்பாக்கம்:

எல்லாரும் ஷாப்பிங் லிஸ்ட் போட்டுட்டீங்க. தொல்லை சத்தம்தான்னா முதல்ல செலவில்லாத வழியைப் பாருங்க: ஜிபியு பவர் லிமிட்டை 80 சதவீதத்துல வச்சுப் பாருங்க. 320 வாட் 256 ஆகுது, ஃப்ரேம் குறையறது கொஞ்சம்தான். நிறைய பேருக்கு இதுலயே சத்தம் அடங்கிடும்.

அப்புறம், சிபியுவுக்காக மட்டும் லூப் போடாதீங்க. 7800எக்ஸ்3டி-யோட சில்லு சின்னது, மேல தடிமனான மூடி வேற. சூடு சில்லைத் தாண்டி வெளிய வர்றதே கஷ்டம், அதனால தண்ணி போட்டாலும் பெருசா இறங்காது. அதோட வரம்பு 89 டிகிரி, 80-ல ஓடறது தப்பே இல்ல. லாபம் முழுக்க ஜிபியுல. அதுக்கு உங்க கார்டோட சரியான மாடல் பேரைப் பாருங்க. 4080 சூப்பர்னு போட்டிருக்கிற எல்லா பிளாக்கும் உக்காராது, ஒவ்வொரு கம்பெனி போர்டும் வேற அமைப்பு. பிளாக் விக்கிறவங்க போடற பொருத்தப் பட்டியல்ல உங்க மாடல் எழுத்துக்கு எழுத்து இருக்கணும். கூலரைக் கழட்டினா வாரன்டி என்னாகும்னு வாங்கின கடையிலயும் கேட்டுக்கங்க.

காட்பாடி கேமர்:

80 சதவீதம் வச்சேன், சத்தம் குறைஞ்சுது, ஆனா மதியத்துல போதலை. லூப்தான் போடறேன். இரண்டு 360, செம்பு. கார்டுக்குப் பொருந்தற பிளாக் இருக்கு. டியூப், ஃபிட்டிங் எத்தனை வாங்கணும்ணா? எந்த வரிசை?

பாலாறு:

வரிசை எப்படி வேணா இருக்கட்டும். நிமிஷத்துக்கு 2 லிட்டர் ஓடற தண்ணி ஒரு டிகிரி ஏற 140 வாட் வேணும். உங்க 415 வாட்டுக்கு முழுச் சுற்றுலயும் வித்தியாசம் 3 டிகிரிதான். டியூப் மடங்காம, குறுக்கே போகாம எது சுலபமோ அதுவே சரி. கட்டாயம் இரண்டுதான்: ரிசர்வாயர் பம்புக்கு நேர் முன்னாடி, பம்பைவிட மேல இருக்கணும், சிபியு பிளாக்ல "இன்" போட்ட துளையிலதான் தண்ணி நுழையணும், மாத்தினா ஓட்டம் குறைஞ்சு சூடு ஏறும்.

ஹார்டு டியூபை அடுத்த லூப்புக்கு வச்சுக்கங்க. இப்ப கறுப்பு இபிடிஎம் ரப்பர் டியூப், 10/16 அளவு (உள் விட்டம் 10, வெளி விட்டம் 16 மி.மீ.), 3 மீட்டர். கண்ணாடி மாதிரி பிவிசி டியூப் நாள்பட மங்கும், அதுல இருந்து கசியற பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கிற பொருள்) பிளாக்கை அடைக்கும். ரப்பர்ல அது இல்ல.

ஃபிட்டிங் எண்ணிக்கை: சிபியு 2, ஜிபியு 2, ரேடியேட்டர் இரண்டுக்கும் 4, பம்ப்-ரிசர்வாயர் 2, ஆக 10. கைவசம் 2 கூட. எல்லாம் ஜி 1/4 மரை, 10/16 கம்ப்ரஷன் (டியூபை வளையத்தால இறுக்கிப் பிடிக்கிற வகை). 10/13 ஃபிட்டிங்ல 10/16 டியூப் ஏறாது, ஆர்டர் போடறப்ப அதிகமா நடக்கிற தப்பு இதுதான். 90 டிகிரி திரும்பற ரோட்டரி 4. வடிகாலுக்கு டி-பிரிப்பு 1, பால் வால்வு 1, ஸ்டாப் பிளக் 1. லூப்ல எது தாழ்வான இடமோ அங்க மாட்டணும். இதை மிச்சம் பிடிச்சா, வருஷம் ஒருதடவை தண்ணி மாத்தும்போது கேஸையே கவிழ்க்கணும்.

காற்று: கீழ் 360 உள்ளே இழுக்கட்டும், பக்கத்துல இரண்டு ஃபேன் உள்ளே, மேல் 360 வெளியே. கீழே தூசி வலை கட்டாயம், இரண்டு மாசத்துக்கு ஒருதடவை ஊதி விடுங்க.

பம்பு கரன்ட்டை பவர் சப்ளையோட சாட்டா அல்லது மோலெக்ஸ் கனெக்டர்ல இருந்து எடுங்க. மதர்போர்டு ஃபேன் ஹெடர் (ஃபேன் ஒயர் குத்தற இடம்) பொதுவா 1 ஆம்பியர்தான் தாங்கும். வேகம் சொல்ற ஒயரை மட்டும் சிபியு ஃபேன் ஹெடர்ல குத்துங்க. பம்ப் நின்னா போர்டு எச்சரிக்கும்.

அகழி:

மாட்டறதுக்கு முன்னாடி ரேடியேட்டரைக் கழுவணும், இதை விட்டுட்டு அப்புறம் அழுதவங்க நிறைய. உள்ள சால்டரிங் ஃப்ளக்ஸ், துகள் எல்லாம் இருக்கும். டிஸ்டில்டு வாட்டரை கை பொறுக்கிற சூட்டுக்குக் காய்ச்சி பாதி ஊத்தி, துளையை மூடி, இரண்டு நிமிஷம் குலுக்கி, வெள்ளைக் கிண்ணத்துல கொட்டிப் பாருங்க. கறுப்புப் புள்ளி வராத வரைக்கும் திரும்பத் திரும்ப.

ஃபிட்டிங்கை ஸ்பானர் போட்டு முறுக்காதீங்க. அடைக்கிறது ஓ-ரிங் (ரப்பர் வளையம்), மரை இல்ல. கையால இறுகினதும் இன்னும் ஒரு சின்ன திருப்பு. அக்ரிலிக் பிளாக்ல கூட முறுக்கினா மயிரிழை விரிசல் விழும், அது அன்னிக்குத் தெரியாது, ஒரு மாசம் கழிச்சுத் தெரியும்.

தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி காற்று சோதனை. லீக் டெஸ்டர் பம்பால 0.5 பார், அதுக்கு மேல வேண்டாம். முள் 20 நிமிஷம் அசையக்கூடாது. சைக்கிள் பம்பை நேரா மாட்டினா எவ்வளவு அழுத்தம் ஏறுதுன்னு தெரியாமலே ரிசர்வாயர் உடையும்.

அடுத்து தண்ணி. மதர்போர்டு, ஜிபியு பவர் கேபிள் எல்லாம் கழட்டிடுங்க, பம்பு மட்டும் மாட்டியிருக்கட்டும். 24-பின் கனெக்டர்ல ஜம்பர் பிளக் போட்டா பவர் சப்ளை தனியா ஓடும். ரிசர்வாயரை நிரப்பி, சுவிட்ச் போட்டு, மட்டம் அடிக்கு வர்றதுக்குள்ள அணைங்க. மறுபடி நிரப்பி, மறுபடி. பம்பு ஒரு நொடிகூட வறண்டு ஓடக்கூடாது, அதுக்குத் தண்ணிதான் எண்ணெய். ஒவ்வொரு மூட்டுக்கு அடியிலயும் டிஷ்யூ பேப்பர். நிரம்பினதும் கேஸை முன்னும் பின்னும் சாய்ச்சா மாட்டின காற்று குமிழியா வரும். இப்படியே ஒரு ராத்திரி ஓடட்டும். காலையில பேப்பர் காஞ்சிருந்தா மத்த கேபிளை மாட்டலாம்.

காட்பாடி கேமர்:

மூணு வாரம் ஆச்சு. லீக் இல்ல, ஓடுது. ஆனா அரை மணி நேரம் கேம் ஆடினா: ரூம் 35, தண்ணி 45, சிபியு 76, ஜிபியு 67, ஜிபியு ஹாட்ஸ்பாட் (சில்லுல அதிகச் சூடான இடம்) 101. ரேடியேட்டர் போதலையா?

சேண்பாக்கம்:

ரேடியேட்டர் மேல பழி போடாதீங்க. ரூமுக்கும் தண்ணிக்கும் 10 டிகிரி, கணக்குப்படி இருக்கு. தண்ணிக்கும் ஜிபியுவுக்கும் 22, அது கொஞ்சம் அதிகம். ஜிபியுவுக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 34, இதுதான் கோளாறு. பிளாக் நல்லா ஒட்டியிருந்தா 10-15-க்குள்ள நிற்கும். சில்லோட ஒரு மூலை பிளாக்கைத் தொடலைன்னு அர்த்தம்.

தெர்மல் பேடை (சூட்டைக் கடத்தற மெத்தென்ற பட்டை) பாருங்க. பிளாக்கோட கையேட்டுல மெமரிக்கு ஒரு தடிமன், பவர் பகுதிக்கு வேறொண்ணு இருக்கும். 1 மி.மீ. வைக்கிற இடத்துல 1.5 வச்சா பேடு முட்டுக் கொடுத்து பிளாக்கைத் தூக்கிடும். பேடு மேல இருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் இரண்டு பக்கமும் உரிச்சீங்களான்னும் பாருங்க. கழட்டினா தெர்மல் பேஸ்ட் புதுசா, சில்லு முழுக்கப் பரப்பணும். நாலு ஸ்க்ரூவையும் குறுக்கும் நெடுக்குமா, கால் திருப்பு கால் திருப்பா இறுக்குங்க.

டியூப் நீளமா இருந்தா தண்ணி எடுக்காமலே கார்டைச் சாய்ச்சு வேலை பார்க்கலாம். இல்லைன்னா வடிச்சுடுங்க, சோம்பல் படாதீங்க.

காட்பாடி கேமர்:

பிடிபட்டுதுணா. பவர் பகுதியில 1 மி.மீ. இடத்துல 1.5 வச்சிருந்தேன். மாத்தினதும் ஜிபியு 59, ஹாட்ஸ்பாட் 71. சிபியு அதே 76.

இப்ப ஒரே குழப்பம், ஃபேன். இணையத்துல பார்த்த கர்வ் (எந்தச் சூட்டுல எவ்வளவு வேகம்ங்கிற கணக்கு) போட்டேன்: தண்ணி 30-ல மெதுவா, 40-ல முழு வேகம். கேமே இல்லாம நாள் முழுக்க விமானம் மாதிரி கத்துது.

பாலாறு:

அது குளிர் ஊர் கர்வ். ரூமே 36-ன்னா சும்மா இருக்கும்போதே தண்ணி 38-39. அப்ப 40-ல முழு வேகம்னா கத்தாம என்ன செய்யும். சிபியு சூட்டை வச்சும் போடாதீங்க, அது நொடிக்கு நொடி தாவும், ஃபேனும் கூடவே தாவும். தண்ணி சென்சாரை மதர்போர்டுல இரண்டு-பின் ஹெடர்ல மாட்டி அதை வச்சே ஓட்டுங்க: 41 வரைக்கும் நிமிஷத்துக்கு 600 சுற்று, 45-ல 1000, 50-ல 1400, 54-ல முழுசு. 58 தொட்டா சிஸ்டம் அணையற மாதிரி வைங்க. பம்பு 65 சதவீதத்துல நிலையா ஓடட்டும். எந்த மாத்தம் செஞ்சாலும் அரை மணி ஓட்டிட்டு அளவைப் பாருங்க. தண்ணி மெதுவாத்தான் ஏறும், அஞ்சு நிமிஷ டெஸ்ட் ஒண்ணும் சொல்லாது.

காட்பாடி கேமர்:

சத்தம் போச்சு. கடைசியா ஒண்ணு: ரிசர்வாயர்ல மட்டம் 1 செ.மீ. இறங்கியிருக்கு. லீக்கா?

அகழி:

பேப்பர் ஈரமா?

காட்பாடி கேமர்:

எல்லாம் காஞ்சுதான் இருக்கு.

அகழி:

அப்ப ரேடியேட்டர் மூலையில மாட்டியிருந்த காற்று வெளிய வந்திருக்கு, அந்த இடத்துக்குத் தண்ணி போயிருக்கு. நீங்க கார்டைக் கழட்டி மாட்டினதுலயும் புதுசா காற்று போயிருக்கும். அதே கூலன்ட்டை விட்டு நிரப்பி, மட்டத்துல மார்க்கர்ல கோடு போடுங்க. இரண்டு வாரம் கழிச்சும் கோட்டுக்குக் கீழ வேகமா இறங்கினா, ஜிபியு பிளாக்ல கழட்டி மாட்டின அந்த இரண்டு ஃபிட்டிங்கோட ஓ-ரிங்கை முதல்ல பாருங்க.