மறு: ‘பேக்டோர்’: பின்கதவா, கள்ளவழியா, சுருங்கையா?

நண்பர்களுக்கு வணக்கம். நம் கையேட்டின் கலைச்சொல் பட்டியலில் ‘பேக்டோர்’ (backdoor), அதாவது ஒரு மென்பொருளின் பாதுகாப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகும் மறைவழி, இதற்கு எந்தத் தமிழ்ச்சொல் வைப்பது என்ற விவாதத்துக்கு என் பதில் இது. நீங்கள் கேட்டவற்றை மேற்கோளாகக் கொடுத்திருக்கிறேன்.

> பின்கதவு என்று போட்டுவிட்டுப் போகலாமே, எல்லோருக்கும் புரியுமே?

புரியும், அதுதான் சிக்கல். இந்தக் கையேடு நிரலர்களுக்கு இல்லை, சட்டம் இயற்றும் உறுப்பினர்களுக்கும் அவர்களுக்குக் குறிப்பெடுத்துக் கொடுக்கும் உதவியாளர்களுக்கும். மசோதா மறுநாள் விவாதத்துக்கு வருகிறது என்னும்போது உதவியாளர் இந்தப் பக்கத்தைப் புரட்டி இரண்டு வரி எழுதிக் கொடுப்பார், உறுப்பினர் அதை வைத்துத்தான் பேசுவார். நாம் எழுதும் விளக்கப் பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் அவைக்குள் போவது சொல் மட்டும்தான். ‘பின்கதவு’ என்றதும் வீட்டின் பின்னால் இருக்கும் கதவு மனதில் வரும், அதற்குப் பூட்டு உண்டு, சாவி போலீஸிடம் மட்டும் இருந்தால் போயிற்று என்பார்கள். மறையாக்கத்தில் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றுவதில்) வைக்கும் ஓட்டைக்கு, வருகிறவர் போலீஸா திருடரா என்று பார்க்கத் தெரியாது.

‘கொல்லைப்புற வழி’ இன்னும் மோசம். சிபாரிசில் வேலை வாங்குவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது.

> அப்படியானால் கள்ளவழி?

எனக்கும் இரண்டு நாள் இது பிடித்திருந்தது. அப்புறம் யோசித்தால், அரசு இப்படி ஒரு வழியை வைக்கச் சொல்லிக் கேட்பது சட்டம் போட்டு, வெளிப்படையாக. ‘நாங்கள் கேட்பது எப்படி ஐயா கள்ளம் ஆகும்?’ என்று ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டால் விவாதம் சொல்லோடு நின்றுவிடும். கலைச்சொல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

என் பரிந்துரை ‘சுருங்கை’. கோட்டையிலிருந்து வெளியே போக நிலத்துக்கடியில் அமைக்கும் கரவான வழி, பழைய சொல்தான். நமக்கு வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது: கோட்டை கட்டுகிறவரே வேண்டுமென்று வைப்பது, வெளியே தெரியாதது, எதிரி கண்டுபிடித்துவிட்டால் மதில் எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை. கிரீஸில் 2004–05இல் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். சட்டப்படி ஒட்டுக்கேட்க வேண்டி வந்தால் உதவட்டும் என்று தொலைபேசி இணைப்பகத்தின் மென்பொருளில் ஒரு வசதி இருந்தது, யாரோ உள்ளே புகுந்து அதையே இயக்கி நூற்றுக்கும் மேற்பட்ட கைபேசிகளை ஒட்டுக்கேட்டார்கள், அதில் பிரதமர் கராமன்லிஸின் எண்ணும் ஒன்று. உறுப்பினர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது, அவர்கள் பேச்சும் அதே கம்பியில்தானே போகிறது.

> யாருக்கும் தெரியாத சொல். ‘சுருங்கிய’ என்று படிப்பார்கள்.

முதல் தடவை படிப்பார்கள், சரி. அதனால் ‘சுருங்கைவழி’ என்று வழியையும் சேர்த்தே எழுதலாம். தெரியாத சொல்லாக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு, தெரிந்த சொல் என்றால் யாரும் அதன் பொருளைக் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்றும் தோன்றுகிறது. ஆங்கிலத்தில், தயாரித்தவர் விட்டுவைத்த வழிக்கும், தாக்குகிறவர் உள்ளே வந்தபின் தனக்காகப் போட்டுக்கொள்ளும் வழிக்கும் ஒரே சொல். நாம் ஏன் அந்தக் குழப்பத்தைக் கடன் வாங்க வேண்டும்? முதலாவது சுருங்கைவழி, இரண்டாவது கள்ளவழி என்று பிரித்துவிடலாம். கிரீஸ் கதையை அப்போது ஒரே வரியில் சொல்லிவிட முடியும்: சுருங்கைவழி கள்ளவழியானது.

மிச்சம் இருப்பது ‘கீ எஸ்க்ரோ’ (key escrow), அதாவது மறையாக்கத்தைத் திறக்கும் சாவியின் நகலை வேறொருவரிடம் கொடுத்து வைப்பது பற்றிய பதிவு. 1993இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த கிளிப்பர் சிப்பில் (தொலைபேசிப் பேச்சை மறையாக்கும் சில்லு), சாவியை இரண்டாகப் பிரித்து இரண்டு அரசு அமைப்புகளிடம் வைக்கும் ஏற்பாடு. (மறு ஆண்டே மறையாக்க ஆய்வாளர் மேட் பிளேஸ், அரசு கண்ணில் படாமல் அதைத் தாண்டிப் போகலாம் என்று காட்டிவிட்டார்.) இதற்குப் பட்டியலில் இப்போது ‘சாவி அடகு’ என்று இருக்கிறது. அடகு என்றால் கடன் வாங்கியிருக்க வேண்டுமே, இங்கே யார் யாருக்குக் கடன்? ‘சாவி ஒப்படைப்பு’ போதும் என்பது என் எண்ணம். மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், இல்லையென்றால் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.