கூலன்ட் குறைகிறது, கசிவு தெரியவில்லை

இரண்டு மாதமாக, ரிசர்வ் டப்பாவில் மேல்கோடு வரை ஊற்றும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பத்தே நாளில் கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிடுகிறது. 2015 மாடல் பெட்ரோல் கார், 1.2 லிட்டர், 92,000 கி.மீ. ஓடியது. ஊர் மேட்டுப்பாளையம். இரவில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கறைகூட இல்லை. சமவெளியில் தொல்லை இல்லை. குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டியதும் வெப்பமானி முள் ஏறுகிறது.

ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), மேல் ஹோஸ் (இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்) மூன்றையும் மாற்றியாயிற்று. கசிவைக் கண்டுபிடிக்கும் பிரஷர் டெஸ்டில் அழுத்தம் இறங்கவில்லை. கூலன்ட் ஆயிலில் கலந்தால் ஆயில் குச்சியில் தெரியும் பால்நிறமும் இல்லை. "குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுங்கள்" என்ற மெக்கானிக்கிடம் மறுபடி போகவில்லை. ஆனால் இரவெல்லாம் ஆறிய பிறகும் காலையில் மேல் ஹோஸ், உள்ளே அழுத்தம் நிற்பதுபோல், கல்லாக இறுகியிருக்கிறது, அதுதான் உறுத்துகிறது.

இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றாமலே, அதன் அடியில் அடைப்பாக இருக்கும் கேஸ்கட் போய்விட்டதா என்று உறுதிசெய்ய எந்தச் சோதனையை நம்பலாம்?