பாறைவாசிகளுக்கு ஒரு பந்தாட்டம்: பந்து பள்ளத்தில் விழுந்துகொண்டே இருக்கிறது, உதவுங்கள்

நிழற்குன்று:
வணக்கம். எழுதிக்கொண்டிருக்கும் மிகுபுனைவு நாவலில், செங்குத்துப் பாறை விளிம்பில் வீடு கட்டி, ஆடு மேய்த்து வாழும் ஓர் இனம். இரண்டு குலங்களுக்குள் தீராத பகை. அதைக் காட்ட ஒரு பந்தாட்டம் வேண்டும். அணிக்கு ஏழு பேர், இரண்டு கோல், நடுவர் எல்லாம் வைத்தேன். விதிகளே மூன்று பக்கம். படித்துப் பார்த்த தங்கை, "இது ஃபுட்பால்தானே, சட்டையை மட்டும் மாத்தியிருக்கே" என்கிறாள். போதாக்குறைக்கு, நேற்று மேசையில் பொம்மைகளை வைத்து ஆடிப் பார்த்தோம். நாலாவது வீச்சிலேயே பந்து பள்ளத்தில்! சுற்றிலும் வலை கட்டிவிடலாமா?

கயிற்றேணி:
ஐயோ, வலை வேண்டாம். பந்து பள்ளத்தில் விழுவது ஒன்றுதான் அவர்களுடைய ஆட்டம், மிச்சமெல்லாம் நம்முடையது. விதிகளை ஓரமாக வைத்துவிட்டு, பந்து எதனால் ஆனது என்று முதலில் யோசியுங்கள். பழங்கால மெசோஅமெரிக்காவில் (மெக்சிகோவும் அதன் தெற்கே உள்ள பகுதிகளும்) ரப்பர் மரம் இருந்தது. அதன் பாலில் ஒரு கொடியின் சாற்றைக் கலந்து, நன்றாகத் துள்ளும் பந்து செய்தார்கள். அவர்கள் ஆடிய பந்தாட்டத்தின் வாரிசாக இன்றும் ஆடப்படும் உலாமா என்ற ஆட்டத்தில், பந்து 3 முதல் 4 கிலோ. உள்ளே காற்றில்லாத முழு ரப்பர். இடுப்பில் தோல் கச்சை கட்டிக்கொண்டு, தரையோடு தரையாகச் சாய்ந்து, இடுப்பாலேயே இடிப்பார்கள். அந்தக் கனத்தைப் பார்த்தாலே ஏன் காலால் உதைக்கவில்லை என்று புரிந்துவிடும்.

நிழற்குன்று:
அப்படியென்றால் ஆட்டு ரோம நூலை இறுக்கிச் சுற்றிய பந்து. நடுவில் ஒரு கூழாங்கல், இல்லாவிட்டால் காற்று அடித்துப் போய்விடும். ஆனால் விழுவது?

பகடைக்காய்:
விழட்டும், அந்தப் பயத்தையே ஆட்டமாக்கிவிடுங்கள். ஜப்பானிய கெமாரியில் மான்தோல் பந்தைக் கீழே விழாமல் உதைத்துக்கொண்டே இருப்பதுதான் ஆட்டம். வெற்றி தோல்வியே கிடையாது.

கயிற்றேணி:
அது அரண்மனை ஆட்டம், இவருக்குப் பகை வேண்டுமே. ஒன்று செய்யுங்கள்: யார் கை தவறவிட்டதோ, அவரே இறங்கி எடுத்து வரணும். அதுவரை அந்த அணியில் ஓர் ஆள் குறைவு. 1891-இல் கூடைப்பந்து தொடங்கியபோது மாட்டியது அடிப்பகுதி வெட்டாத பழக்கூடைதான்; ஒவ்வொரு கோலுக்கும் பந்தை வெளியே எடுத்தாகணும். அந்த ஆட்டத்துக்கே விதிகள் 13தான், உங்களுக்கு எதற்கு மூன்று பக்கம்?

நிழற்குன்று:
ஆடிப் பார்த்தாச்சு. விதி நாலு வரியாகிவிட்டது. ஆனால் தங்கை கெட்டிக்காரி. பிடிக்கவே முடியாத பந்தை என் முக்கிய ஆட்டக்காரன் மேல் எறிந்து, அவனைப் பள்ளத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த இடைவெளியில் கோல் போடுகிறாள். தப்பாட்டம் என்று விதி எழுதட்டுமா?

பகடைக்காய்:
எழுதவே எழுதாதீங்க. வேடிக்கை பார்க்கும் ரெண்டு கிழவிகள் அதைப் பற்றிச் சண்டை போடட்டும்.

நிழற்குன்று:
ஒருத்தியின் மகன் இறங்கியவன், திரும்பவில்லை. இன்று ராத்திரியே எழுதிவிடுகிறேன்.